விரியும் ஒளியை நேராக்கும் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இயற்பியல் சொல்லித்தருகிறேன். லென்ஸ் பாடம் வந்தால் போதும், கேள்விகள் கொட்டும். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அப்பா அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும்கூட நின்று கேட்பார்கள். உம்லாங்கா கலங்கரை விளக்கம், லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் வாங்கிய டார்ச், பக்கி (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) ஹெட்லைட் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

விளக்கின் ஒளி ஏன் விரிந்துகொண்டே போகிறது?

ஒளி நேர்கோட்டில்தான் போகிறது. ஆனால் விளக்கின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசையிலும் கதிர்களை அனுப்புகிறது. ஒரே இடத்திலிருந்து வேறு வேறு திசையில் கிளம்பியவை போகப் போக விலகத்தானே செய்யும்? விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் பிடித்த நோட்டுப் புத்தகத்தின் மேல் விழுந்த ஒளி, இரண்டு மீட்டரில் நான்கு நோட்டுகளின் பரப்புக்குப் பரவிவிடும். மூன்று மீட்டரில் ஒன்பது. வழியில் ஒளி தீர்ந்துபோவதில்லை, அதைப் பங்குபோடும் பரப்புதான் பெருகுகிறது.

லென்ஸ் அதை எப்படி நேராக்குகிறது?

வெயிலில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து, காகிதத்தில் ஒளிப்புள்ளி விழவைத்துப் பார்க்காத பிள்ளை இருக்காது. சூரியனிலிருந்து ஏறக்குறைய இணையாக வரும் கதிர்களை லென்ஸ் ஓரிடத்தில் கொண்டுசேர்க்கிறது. அந்த இடம் குவியம். லென்ஸிலிருந்து அதுவரை உள்ள இடைவெளி குவியத்தூரம்.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். ஒளி எந்தப் பாதையில் போனதோ அதே பாதையில் திரும்பியும் வரும். இது ஒளியியலின் அடிப்படை. ஆகவே குவியத்தில் ஒரு சிறு விளக்கை வைத்தால், அதிலிருந்து விரிந்து வந்து லென்ஸில் விழும் கதிர்கள் மறுபக்கம் இணையாக வெளியேறும். காகிதத்தைச் சுட்ட அந்தக் காட்சி பின்னோக்கி ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கதிரும் சரியான அளவு திரும்புவது எப்படி என்று அடுத்த கேள்வி வரும். குவிலென்ஸின் நடுவில் இரண்டு முகங்களும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. அங்கே புகும் கதிர் திரும்பாமல் போய்விடும். ஓரத்துக்குப் போகப் போக முகங்களின் சரிவு கூடுகிறது. சரிவு கூடினால் கதிரும் கூடுதலாகத் திரும்பும். விளக்கிலிருந்து லென்ஸின் நடு வழியாகப் போகும் நேர்கோடுதான் அச்சு. ஓரத்தில் விழும் கதிர்தான் அச்சிலிருந்து அதிகம் விலகி வந்த கதிர். அதைத்தான் அதிகம் திருப்பவும் வேண்டும்.

கண்ணாடியில் ஒளி மெதுவாகப் போகும் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

திருப்பம் வருவதே அதனால்தான். வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சாதாரணக் கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம்தான்.

தைப்பூசக் காவடி ஊர்வலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஆற்றங்கரையில் ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். நேர்த்தெருவில் வருபவர்களுக்குத் தூரம் குறைவு, சுற்றுத்தெருவில் வருபவர்களுக்கு அதிகம். ஆனால் கோயில் வாசலில் எல்லோரும் ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டும். நேர்த்தெருவில் வருபவர்களை வழியில் சற்று நேரம் மெதுவாக நடக்கவைத்தால் கணக்கு சரியாகிவிடும். லென்ஸ் அதைத்தான் செய்கிறது. விளக்கிலிருந்து லென்ஸின் நடுவுக்குப் பாதை குறைவு, ஆனால் அங்கே கண்ணாடி தடிமன், தாமதம் அதிகம். ஓரத்துக்குப் பாதை நீளம், கண்ணாடி மெல்லியது, தாமதம் குறைவு. ஒரே நேரத்தில் கிளம்பிய ஒளி ஒரு கணத்தில் எட்டியிருக்கும் பரப்பை அலைமுகம் என்கிறோம். உள்ளே வரும்போது கோள வடிவில் இருந்த அலைமுகம் வெளியேறும்போது தட்டையாகிவிடுகிறது. தட்டையான அலைமுகம் என்றாலும் இணைக்கதிர் என்றாலும் ஒன்றுதான்.

என் லென்ஸின் குவியம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அவசரத்துக்கு ஒரு வழி: சன்னலுக்கு எதிர்ச்சுவரில், வெளியே தொலைவில் தெரியும் மரத்தின் பிம்பத்தை லென்ஸால் விழவையுங்கள். பிம்பம் தெளிவாக இருக்கும்போது சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய குவியத்தூரம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஒரு தட்டைக் கண்ணாடி வேண்டும், முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். கெட்டியான அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, அட்டைக்குப் பின்னால் டார்ச்சை வையுங்கள். துளைக்கு எதிரே லென்ஸ். லென்ஸுக்குப் பின்னால், ஒட்டினாற்போல முகக்கண்ணாடி. அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். துளையிலிருந்து விரியும் ஒளி லென்ஸைத் தாண்டி, கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மறுபடி லென்ஸ் வழியாக வந்து அட்டையின் முன்பக்கத்திலேயே விழும். முதலில் மங்கலான ஒரு வட்டமாகத்தான் தெரியும். லென்ஸையும் கண்ணாடியையும் சேர்த்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் அந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி, துளையின் அளவுக்கே வந்து, ஊசி அட்டையைக் கிழித்த பிசிறு வரை அப்படியே தெரியும், ஆனால் தலைகீழாக. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பிம்பம் துளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பார்க்க வசதியாக இருக்கும்.

அந்த நிலையில் அட்டைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம்தான் குவியத்தூரம். ஒளி இணையாகிவிட்டதா என்பதற்கும் இதிலேயே சோதனை இருக்கிறது. லென்ஸை அசைக்காமல் முகக்கண்ணாடியை மட்டும் ஒரு சாண் பின்னால் தள்ளுங்கள். பிம்பத்தின் தெளிவு மாறவில்லை என்றால் இடையில் போவது இணைக்கதிர்தான். ஆய்வகங்களில் பெரிய கருவிகளைச் சீராக்கவும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குவியத்தில் சரியாக வைத்தும் என் டார்ச்சின் ஒளி விரிகிறதே, லென்ஸ் மோசமா?

பெரும்பாலும் லென்ஸின் மேல் குற்றம் இல்லை. பாடப்புத்தகப் படங்களில் ஒளிமூலத்தை ஒரு புள்ளியாக வரைந்துவிடுகிறார்கள். புள்ளி அளவில் உலகில் எந்த விளக்கும் கிடையாது. அந்தப் படத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு டார்ச், கலங்கரை விளக்கம், லேசர் எதுவுமே சரியாக விளங்காது என்பது என் எண்ணம். ஆகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குவியத்தில் சரியாக அச்சின் மேல் இருக்கும் புள்ளியின் ஒளி, அச்சுக்கு இணையாக வெளியேறும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் மேலே இருக்கும் புள்ளியின் ஒளியும் தனக்குள் இணையாகத்தான் வெளியேறும், ஆனால் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து. இப்படி விளக்கின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு திசையில் ஓர் இணைக்கற்றையை அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்தால் விரியும் கற்றை. எவ்வளவு விரியும் என்பதற்குக் கணக்கு எளிது: விளக்கின் அகலத்தைக் குவியத்தூரத்தால் வகுங்கள்.

எல்இடி சில்லு 1 மில்லிமீட்டர் அகலம், லென்ஸின் குவியத்தூரம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் 1 மீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் பரவும். கோணமாகச் சொன்னால் சுமார் 6 டிகிரி. அதே சில்லை 100 மில்லிமீட்டர் லென்ஸின் குவியத்தில் வைத்தால் விகிதம் நூற்றில் ஒன்று. அதே சுவரில் பரவல் 10 சென்டிமீட்டர்தான், அதோடு லென்ஸின் சொந்த அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வகுத்தலில் இருந்தே வருகின்றன.

அப்படியென்றால் நீண்ட குவியத்தூரம் உள்ள லென்ஸ் போட்டால் தீர்ந்ததே?

ஒளி இழப்பு என்று ஒன்று இருக்கிறது. எல்இடி முன்பக்கம் முழுவதும் ஒளியை வீசுகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸை 50 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் அந்த ஒளியில் சுமார் 20 சதவீதம் லென்ஸுக்குள் போகும். அதே விட்டமுள்ள லென்ஸை 100 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் 6 சதவீதம்தான் போகும். மீதி டார்ச்சின் உட்சுவரில் பட்டு வீணாகும். ஒளிக்கற்றை ஒடுங்குகிறது, ஆனால் மெலிகிறது.

இரண்டும் வேண்டுமென்றால் லென்ஸ் பெரிதாக வேண்டும். விளக்கின் பரப்பையும் ஒளி விரியும் கோணத்தின் பரப்பையும் பெருக்கினால் வரும் அளவை, ஒளியை வீணாக்காமல் எந்த லென்ஸாலும் எந்தக் கண்ணாடியாலும் குறைக்க முடியாது. இது இயற்கை விதி. தேடுவிளக்கும் கலங்கரை விளக்கமும் ஆளுயர லென்ஸும் கண்ணாடியுமாக இருப்பது இதனால்தான். மிகச் சிறிய டார்ச்சில் மிக நீண்ட பாய்ச்சல், முழு வெளிச்சத்தோடு என்று யாராவது விற்றால், உள்ளே இருக்கும் சில்லு எவ்வளவு சிறியது என்று கேளுங்கள்.

ஜூம் டார்ச்சை ஒரு முனைக்குத் திருகினால் சுவரில் மஞ்சள் சதுரம் தெரிகிறது. அது என்ன?

எல்இடி சில்லின் பிம்பம். உற்றுப் பாருங்கள், சில டார்ச்சுகளில் சதுரத்தின் மேல் மெல்லிய இருண்ட கோடுகளும் தெரியும். சில்லின் மேல் ஓடும் மின்இணைப்புகள் அவை. விளக்கு குவியத்துக்கு மிக மிகச் சற்று வெளியே வந்தால் ஒளி இணையாகப் போகாமல் தொலைவில் ஓரிடத்தில் குவிந்து பிம்பமாக விழுகிறது. குவியத்துக்கு உள்ளே தள்ளினால் ஒளி விரிந்து பெரிய வட்டமாகிவிடும். ஜூம் என்பது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான்.

ஒரு பக்கம் தட்டையான லென்ஸ் என்னிடம் இருக்கிறது. எந்தப் பக்கம் விளக்கைப் பார்க்க வேண்டும்?

தட்டைப் பக்கம் விளக்கைப் பார்க்கட்டும், வளைந்த பக்கம் வெளியே. அப்படி வைத்தால் கதிரைத் திருப்பும் வேலை இரண்டு முகங்களுக்கும் பங்காகிறது. மாற்றி வைத்தால் மொத்த வேலையும் ஒரே முகத்தின் தலையில் விழும். சாதாரணக் கண்ணாடியில் அப்போது கோளப்பிறழ்ச்சி ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும்.

கோளப்பிறழ்ச்சி என்றால்?

லென்ஸின் முகங்களைக் கோளத்தின் துண்டாகத் தேய்ப்பதுதான் எளிது, விலையும் குறைவு. ஆனால் கோள முகம் ஓரக் கதிர்களைத் தேவைக்கு மேல் திருப்பிவிடுகிறது. நடுக்கதிர்கள் இணையாகும் நிலையில் ஓரக் கதிர்கள் உள்பக்கம் சாய்ந்து போகும். லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு தொந்தரவு.

சரியான வடிவம் எது என்பது பழங்காலத்திலேயே தெரிந்துவிட்டது. பாக்தாதில் இப்னு சஹ்ல் 984 வாக்கில் எழுதிய நூலில், ஒளியை ஒரு புள்ளியில் பிழையில்லாமல் சேர்க்க லென்ஸின் முகம் அதிபரவளையமாக இருக்க வேண்டும் என்று வடிவியலால் காட்டியிருக்கிறார். ஐரோப்பாவில் தெக்கார்த் 1637-இல் அதே முடிவுக்கு வந்தார். அந்த வடிவத்தில் கண்ணாடியைத் தேய்க்க அவர்கள் காலத்தில் நல்ல எந்திரம் இல்லை. இன்று பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துக் கோளமல்லாத லென்ஸைச் சல்லிசாகச் செய்துவிடுகிறார்கள். உங்கள் டார்ச்சில் இருப்பதும் அநேகமாக அதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வடிவியல் முடிவு இன்று சமையலறை மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் டார்ச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

வெளிச்சத்தின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகத் தெரிகிறதே?

கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பைவிடக் கொஞ்சம் அதிகம் திருப்பும். அதனால் நீலத்தின் குவியம் லென்ஸுக்கு அருகில், சிவப்பின் குவியம் தள்ளி. நல்ல கிரௌன் கண்ணாடியில் (லென்ஸுக்கு வழக்கமான ஒரு வகை) செய்த 100 மில்லிமீட்டர் லென்ஸில் இந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு நிறத்தை இணையாக்கினால் மற்றது சற்று விலகும். கிரௌன் லென்ஸோடு, நிறங்களை இன்னும் அதிகம் பிரிக்கும் பிளின்ட் கண்ணாடியில் செய்த குழிலென்ஸை ஒட்டினால் பெருமளவு சரியாகும். டார்ச்சுக்கு அந்தச் செலவு தேவையில்லை. தொலைநோக்கிக்குத் தேவை.

உம்லாங்கா கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலில் அவ்வளவு தூரம் தெரிவது எப்படி?

உம்லாங்கா கடற்கரையில் வெள்ளை உடலும் சிவப்புத் தலையுமாக நிற்கும் அந்த 21 மீட்டர் கோபுரம் 1954-இல் எழுந்தது. டர்பன் துறைமுகத்துக்கு அதைவிடப் பழைய விளக்கம் பிளஃப் குன்றின் மேல் இருந்தது, 1867-இல் ஏற்றப்பட்டது. நம் முன்னோரை மதராசிலிருந்து ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் இங்கே வந்துசேர்ந்தது 1860 நவம்பர் 16-இல். அப்போது அந்த விளக்கம் இல்லை. இந்தத் தேதிகளைச் சொல்லும்போது வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பிள்ளைகளுக்குக் கலங்கரை விளக்கம் அப்போதுதான் சொந்த விஷயமாகிறது.

சரி, ஒளியியலுக்கு வருவோம். எண்ணெய் விளக்கின் சுடர் சில சென்டிமீட்டர் அகலம். நம் வகுத்தல் கணக்குப்படி, இவ்வளவு பெரிய சுடரிலிருந்து ஒடுங்கிய கற்றை வேண்டுமென்றால் குவியத்தூரம் மிக நீளமாக இருக்க வேண்டும். ஒளி வீணாகக் கூடாதென்றால் லென்ஸும் மிக அகலமாக இருக்க வேண்டும். அத்தனை அகலத்தில் ஒரே துண்டாகக் கண்ணாடி வார்த்தால் நடுவில் அடி கணக்கில் தடிமன் வரும். எடை தாங்காது, அந்தத் தடிமனே ஒளியை விழுங்கும்.

பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்தென் பிரெனெல் கண்டது இது: ஒளியைத் திருப்புவது முகத்தின் சரிவுதான், உள்ளே இருக்கும் கண்ணாடிக் கட்டி இல்லை. ஆகவே லென்ஸை வட்ட வட்டமாக வெட்டி, ஒவ்வொரு வட்டத்திலும் சரிவை மட்டும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள கண்ணாடியை நீக்கிவிடலாம். அவருடைய லென்ஸ் 1823-இல் பிரான்சின் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றப்பட்டது. பின்னர் வெளிவட்டங்களில் ஒளியை முழு அக எதிரொளிப்பால் திருப்பும் பட்டகங்களும் சேர்ந்தன. மேலும் கீழும் வீணாகப் போய்க்கொண்டிருந்த ஒளியும் கடலை நோக்கித் திரும்பியது. முதல் தர பிரெனெல் லென்ஸின் குவியத்தூரம் 920 மில்லிமீட்டர். அந்த லென்ஸ் அமைப்புக்கு உள்ளேயே ஓர் ஆள் நின்று வேலை செய்யலாம்.

இதில் இரண்டு வகை உண்டு, பலரும் கவனிப்பதில்லை. ஒன்று பீப்பாய் வடிவம்: ஒளியை மேல் கீழாக மட்டும் ஒடுக்கும், பக்கவாட்டில் சுற்றிலும் அப்படியே விட்டுவிடும். எல்லாத் திசையிலும் எப்போதும் மங்காத ஒளி. இன்னொன்றில் பல முகப்புகள் இருக்கும். ஒவ்வொரு முகப்பும் எல்லாப் பக்கமும் ஒடுக்கி ஒரு கற்றையை அனுப்பும். முழு அமைப்பும் மெல்லச் சுழலும். கப்பலில் இருப்பவருக்குக் கற்றை தன்னைக் கடக்கும் நொடியில் மட்டும் மின்னல்போல் ஒளி தெரியும். எத்தனை நொடிகளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மின்னல் என்பதை வைத்து எந்த விளக்கம் என்று மாலுமி அடையாளம் காண்கிறார்.

கற்றை முற்றிலும் இணையாக இருந்தால் அருகே இருக்கும் படகுக்குத் தெரியாமலே தலைக்கு மேலே போய்விடும். கொஞ்சம் விரிவது இங்கே நல்லதுதான். பூமியின் வளைவும் ஓர் எல்லை: 21 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் 16 கிலோமீட்டர்தான். கப்பலின் மேல்தளம் எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு அதற்கு அப்பாலும் தெரியும்.

லென்ஸ் நல்லதாக இருந்தால் மூடுபனியை ஊடுருவுமா?

ஊடுருவாது. இதற்கு நம் நாட்டிலேயே வருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. கேப் முனையின் முதல் கலங்கரை விளக்கம் 1860-இல், கடலுக்கு ஏறக்குறைய 240 மீட்டர் உயரத்தில் ஏற்றப்பட்டது. கடலில் இருந்து வரும் மேகமும் பனியும் அடிக்கடி அதை மூடிக்கொள்ளும். 1911 ஏப்ரலில் லூசிதானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் அங்குள்ள பாறையில் மோதி மூழ்கியது. அதன் பிறகு கடலுக்கு 87 மீட்டர் உயரத்தில், பனிக்குக் கீழே புது விளக்கம் கட்டி 1919-இல் ஏற்றினார்கள். அதன் கற்றையின் திறன் 1 கோடி கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு). விளக்கை இடம் மாற்றியதுதான் தீர்வாக அமைந்தது.

பனியின் நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எவ்வளவு இணையாக அனுப்பினாலும் சிதறிய ஒளி மறுபடி ஒன்று சேராது. வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலையில் பனி இறங்கும்போது ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புவதும் இதனால்தான். அங்கே லோ பீமில், மெதுவாகப் போங்கள்.

பக்கியின் பழைய ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மாட்டினால் எதிரே வருபவர்கள் திட்டுகிறார்களே?

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ஹெட்லைட்டின் குழிக்கண்ணாடியை ஹாலஜன் பல்பின் இழை எங்கே, எந்த நீளத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். எல்இடி பல்பில் சில்லுகள் ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும். ஒளி கிளம்பும் இடமும் வடிவமும் மாறிவிடுகிறது. குவியத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே கற்றை மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பல்பை மாற்றுவதென்றால் அதற்கென்றே செய்த முழு விளக்கையும் மாற்றுங்கள்.

லென்ஸ் இல்லாமல் கண்ணாடியால் இணையாக்க முடியாதா?

முடியும். பரவளைய வடிவக் குழிக்கண்ணாடியின் குவியத்தில் விளக்கை வைத்தால் போதும். நிறத்துக்கு நிறம் குவியம் மாறும் நிறப்பிறழ்ச்சியும் கிடையாது. விளக்கின் அகலத்தால் வரும் விரிவு மட்டும் அங்கேயும் அப்படியே.

லேசருக்கு லென்ஸ் தேவையே இல்லையாமே?

கையில் பிடிக்கும் லேசர் பாயின்டரைப் பொறுத்தவரை இது சரியில்லை. அதற்குள் இருக்கும் டையோடிலிருந்து ஒளி ஒரு திசையில் 30 டிகிரி அளவுக்கும் மற்ற திசையில் 10 டிகிரி அளவுக்கும் விரிந்துதான் வெளியே வருகிறது. முன்னால் ஒரு சிறு லென்ஸ் அதை இணையாக்குகிறது. அதைக் கழற்றினால் பாயின்டர் சிவப்பு விளக்காகிவிடும்.

வித்தியாசம் எங்கே என்றால் மூலத்தின் அளவில். டையோடில் ஒளி கிளம்பும் இடத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். எல்இடி சில்லோடு ஒப்பிட்டால் நம் வகுத்தலில் விடை ஆயிரம் மடங்கு சிறியது. அதனால்தான் அந்த நூல் போன்ற கற்றை.

அவ்வளவு சிறிய மூலத்திலும் விரிவு பூச்சியமாகாது. ஒளி ஓர் அலை. குறுகிய வாய் வழியாக வெளியேறும் எந்த அலையும் விரியும். இதை விளிம்பு விளைவு என்கிறோம். 1 மில்லிமீட்டர் அகலமான சிவப்புக் கற்றை ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் அகன்றுவிடும். வாய் அகலமானால் இந்த விரிவு குறையும். எனவே தொலைதூரம் அனுப்ப வேண்டிய லேசரை இரண்டு லென்ஸ்கள் கொண்டு முதலில் பத்து மடங்கு அகலமாக்குகிறார்கள்; விரியும் கோணம் பத்தில் ஒன்றாகிறது. ஒடுங்கிய கற்றை வேண்டுமென்றால் முதலில் அதை அகலமாக்கு என்பது கேட்க முரணாக இருக்கும், ஆனால் அதுதான் வழி. ஜொகன்னஸ்பர்க்குக்கு மேற்கே ஹார்ட்டிபீஸ்ட்ஹூக்கில் உள்ள மொப்லாஸ்-6 நிலையம் செயற்கைக்கோள்களின் தூரத்தை லேசரால் அளக்கிறது. அங்கேயும் ஒளி தொலைநோக்கி வழியாகத்தான் மேலே போகிறது. 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்த எதிரொளிப்பான் வரை அனுப்பும் கற்றைகூட, நிலவை அடையும்போது கிலோமீட்டர் கணக்கில் அகன்றிருக்கும்.

சூரிய ஒளி உண்மையிலேயே இணையானதா?

ஏறக்குறைய. சூரியன் நம் வானில் அரை டிகிரி அகலம். அதனால் 100 மில்லிமீட்டர் லென்ஸின் குவியத்தில் விழும் புள்ளி உண்மையில் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டம், சூரியனின் பிம்பம். கம்பத்தின் நிழல் அடியில் கூர்மையாகவும் நுனியில் மங்கலாகவும் இருப்பதற்கும் இந்த அரை டிகிரிதான் காரணம். விண்மீன் ஒளிதான் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இணைக்கதிர்.

விண்மீன் ஒளி ஏற்கெனவே இணை என்றால், தொலைநோக்கியில் இணையாக்கும் லென்ஸ் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டது பதின்மூன்று வயதுப் பெண். நல்ல கேள்வி.

கரூ என்ற வறண்ட பகுதியில் சதர்லாந்து ஊருக்கு அருகே சால்ட் தொலைநோக்கி இருக்கிறது. 91 அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்து அமைத்த, 11 மீட்டர் அகலமுள்ள முகப்பு, 2005-இல் திறக்கப்பட்டது. விண்மீனின் இணைக்கதிரை அந்த முகப்பு குவித்து ஒரு மெல்லிய பிளவின் வழியே அனுப்புகிறது. பிளவால் வானத்தின் மற்ற ஒளியெல்லாம் தடுக்கப்படுகிறது. ஆனால் பிளவைத் தாண்டியதும் ஒளி மறுபடி விரியத் தொடங்கும். அடுத்து அது கீற்றணியில் (நெருக்கமான மெல்லிய கோடுகள் உள்ள தகடு) விழுந்து நிறம் நிறமாகப் பிரிய வேண்டும். கீற்றணி ஒவ்வொரு நிறத்தையும் எந்தத் திசையில் திருப்பும் என்பது, ஒளி எந்தத் திசையில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. பல திசைகளில் வந்து விழுந்தால் சிவப்பும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிவிடும். ஆகவே நடுவில் ஓர் இணையாக்கி லென்ஸ்.

சால்ட்டில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதியும் ராபர்ட் ஸ்டோபி நிறமாலைமானியில் இந்த வேலையை ஒரு லென்ஸ் தொகுதி செய்கிறது. புற ஊதா ஒளியையும் தடுக்காமல் விட வேண்டும் என்பதற்காக அதில் சில லென்ஸ்களைச் சோடியம் குளோரைடு படிகத்தில், அதாவது உப்பில், செய்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் கரைந்துவிடும் என்பதால் அவற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். விண்மீனில் என்ன தனிமங்கள் உள்ளன, அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதெல்லாம் இந்த இணையாக்கத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. பள்ளி ஆய்வகத்து நிறமாலைமானியில் பிளவோடு சேர்ந்த குழாய் ஒன்று இருக்குமே, அதுவும் இணையாக்கிதான்.

பிள்ளைகள் செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடிகூட. லேசரை யார் கண்ணுக்கும் நேரே காட்டக் கூடாது. பெரிய உருப்பெருக்கியைச் சன்னலோரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மதிய வெயிலில் திரைச்சீலை தீப்பிடிக்கும். கலங்கரை விளக்கங்களில் பகலில் லென்ஸைச் சுற்றித் திரை இழுத்து மூடுவதும் இதே பயத்தால்தான். கடலுக்கு ஒளி அனுப்பும் லென்ஸ், வெயிலை விளக்கின் மேலேயே குவித்துவிடும்.

வீட்டில் செய்துபார்க்க என்ன வாங்கலாம்?

100 முதல் 150 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள படிக்கும் உருப்பெருக்கி ஒன்று, தனி எல்இடி ஒன்று, கறுப்பு அட்டை, முகக்கண்ணாடி. எல்இடியின் முன்னால் ஊசித்துளை அட்டையை வைத்தால் மூலம் சிறியதாகிவிடும்; ஒளி மங்கும், கற்றை ஒடுங்கும். துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, எதிர்ச்சுவரில் வெளிச்சத்தின் அகலத்தை ஒவ்வொரு முறையும் அளவுகோலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். கைபேசியின் விளக்கு இதற்கு ஒத்துவராது, அதன் சில்லுக்கு மேல் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டியிருக்கிறது.